சாமி மேடையில் ஒரு மோடம்

என் கணவருக்குப் பேச்சு நின்றுபோன பிறகு எங்கள் வீட்டில் அதிகமாகப் புழங்கிய சொல் 'லைன்' என்பதுதான். லைன் போச்சு, லைன் வந்துருச்சு, லைன் இழுக்குது, லைன் சரியில்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாமி பெயரைக்கூட நான் அவ்வளவு சொன்னதில்லை.

அவர் பள்ளி வேன் ஓட்டியவர். சாலாக் செலாத்தான் பக்கத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து பள்ளி பள்ளியாக இறக்கிவிடுவார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே வேனை நிறுத்திவிட்டு யாரிடமாவது பந்து விளையாட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார். மேலே அடுப்படியில் நிற்கும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். வீட்டில் இரண்டு பேர்தான், ஆனால் சத்தம் பத்துப் பேருக்கு இருக்கும். அதில் ஒன்பது பேர் சத்தம் அவருடையது.

ஸ்ட்ரோக் வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. கால் கைத்தடியோடு திரும்பி வந்தது. கை அரைகுறையாக வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல் உள்ளே இருக்கிறது, வாய்க்கு வரத்தான் வழி தெரியவில்லை என்று டாக்டர் விளக்கினார். முதல் ஒரு வருடம்தான் முக்கியம், வருவதெல்லாம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும் என்றும் சொன்னார். அதைச் சொன்ன நாளிலேயே அந்த வருடத்தில் பாதி போயிருந்தது.

இங்கே பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மலாயில் கொடுப்பார்கள், ஆங்கிலத்தில் கொடுப்பார்கள். ஸ்ட்ரோக்குக்கு முன்னால் மூன்று மொழியிலும் சண்டை போட்ட மனிதர், இப்போது தமிழில் சொன்னால் மட்டும்தான் முகம் திரும்புகிறது. தமிழில் கற்றுக்கொடுப்பவர்களைத் தேடினால் வரிசை ஊர் தாண்டி ரவாங் வரைக்கும் நிற்கிறது. கடைசியில் சென்னையில் ஒரு பெண் கிடைத்தாள். டேப்லெட் திரையில் வந்து கற்றுக்கொடுப்பாள். நானே கற்றுக்கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தேன். நான் வாயைத் திறந்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் 'அ' சொல்லிக்கொடுத்தவளிடம் கட்டின புருஷன் 'அ' கற்றுக்கொள்ள மாட்டேன் என்றால் நான் என்ன செய்வது?

அந்தப் பெண்ணின் பாடம் எளிமையானது. ஒரு படத்தைக் காட்டுவாள், சொல்லின் முதல் எழுத்தை மட்டும் வாயைப் பெரிதாகத் திறந்து சொல்லுவாள், பிறகு காத்திருப்பாள். அவர் அவளுடைய உதட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. எனக்கு அது பெரிய தண்டனை. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பாடம் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே லைன் தகராறு தொடங்கிவிட்டது. தண்ணீர்க் குவளைப் படத்தைக் காட்டி அவள் 'த' என்று வாயைத் திறப்பாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிடும். இவர் அந்த நின்ற வாயைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் குவித்து, நெற்றி நரம்பு புடைக்க, ஏதோ ஒன்றை மேலே கொண்டுவருவார். அது நாக்கு நுனிக்கு வரும் நேரம் பார்த்து அவள் குரல் நாலைந்து துண்டாக வந்து அவர் மேல் விழும். அவ்வளவுதான், வந்தது உள்ளே போய்விடும். மேசையை அடிப்பார்.

"உங்களால இல்லங்க. லைன் சரியில்ல" என்பேன்.

அவர் என்னைப் பார்ப்பார், பிறகு சாமி மேடையைப் பார்ப்பார், நல்ல கையை நீட்டி அங்கே இருந்த மோடத்தைச் சுட்டிக்காட்டுவார். குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். நானும் மோடத்தை நாலு வார்த்தை திட்டுவேன். அவர் முகம் கொஞ்சம் தெளியும்.

மோடம் சாமி மேடையில் ஏன் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இணைப்பு கொடுக்க வந்த நாளில் ஹாலில் சும்மா இருந்த ஒரே பிளக், சாமி மேடைக்குக் கீழே விளக்குக்காகப் போட்டிருந்ததுதான். அதனால் மேடையின் கீழ்த்தட்டில், குங்குமச் சிமிழுக்கும் ஊதுபத்திக் கட்டுக்கும் நடுவில் அது குடியேறியது. ஆயுத பூசைக்கு என் கணவர் வேனுக்குச் சந்தனம் வைத்த கையோடு அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, இவருந்தான் நம்ம வீட்டுல ராப்பகலா உழைக்கிறாரு என்றார். அந்தப் பொட்டின் கறை இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். அணைத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். மறுபடியும் செய்தேன், மறுபடியும் அணைத்துப் போடுங்கள் என்றார்கள். இதைச் சொல்ல எதற்கு ஆள், ஒரு கிளியை வளர்த்தால் போதாதா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் அதற்கும் நன்றி சொன்னார். மோடம் பழசு, ஒரே அலைவரிசைதான் அதற்குத் தெரியும், புதிசு கேட்டு எழுதிவைக்கிறோம், கையிருப்பு வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. என் கைப்பேசி டேட்டாவில் பாடம் நடத்தலாம் என்று பார்த்தால், எங்கள் ஃப்ளாட்டைச் சுற்றி எழும்பிய உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அது அடுப்படி ஜன்னலில் மட்டும்தான் பிடித்தது. அங்கே உட்காரவைத்துப் பார்த்தேன். கைப்பேசித் திரையில் அந்தப் பெண்ணின் வாய் பட்டாணி அளவுக்குத் தெரிந்தது. அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு நாள் டெக்னீஷியன் வந்தார். மலாய்க்காரர், ஏறக்குறைய என் வயது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி மேடையைக் கண்டதும் ஓரமாக நின்றுகொண்டார். மோடத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள் கக், நான் கை வைக்கக் கூடாது என்று அக்கா முறை வைத்துச் சொன்னார். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. எடுத்து மேசை மேல் வைத்தேன். சோதித்துவிட்டு, வீட்டுக்கு வருகிற கம்பியில் ஒரு குறையும் இல்லை, கோளாறு வீட்டுக்குள் காற்றில்தான் இருக்கிறது என்றார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கூவினால் யார் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்குமா, அந்த மாதிரி என்றார். பக்கத்து வீட்டு மோடங்களோடு மோதாத ஒரு சேனலுக்கு மாற்றிக் கொடுத்தார். வீட்டில் கம்பி இல்லாமல் பேசிக்கொள்கிற சாமான் வேறு ஏதாவது இருக்கிறதா, கேமரா, பழைய வீட்டுப் போன், மைக்ரோவேவ் கூடக் கெடுக்கும் என்று கேட்டார். மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது என்றேன். பாடம் நடக்கும்போது அதைப் போடாதீர்கள் என்றார். கடைசிவரை மேடை பக்கம் அவர் கண்ணை உயர்த்தவில்லை. இன்னொருவர் வீட்டுச் சாமியை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் அன்றைக்கே மைக்ரோவேவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். லைன் திருந்தவில்லை. அப்படியானால் பக்கத்து வீட்டு மைக்ரோவேவாக இருக்கும் என்று தோன்றியது. எங்கள் ஹாலுக்கும் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் அடுப்படிக்கும் ஒரே சுவர்தான். வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டி, திங்கள், புதன், வெள்ளி காலையில் கொஞ்ச நேரம் சோற்றைச் சூடாக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் நான் கேட்பேன் என்று நினைத்ததில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் பாட நாட்களில் அவர் ஆறிய சோற்றைச் சாப்பிட்டார், எங்களுக்கு ஆவியில் வேகவைத்த பாவ் பன் வாங்கிக் கொடுத்தனுப்பினார். அப்படியும் லைன் திருந்தவில்லை. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பாவம், ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஆன்ட்டி சும்மா ஆறிய சோறு சாப்பிட்டார்.

மோடத்தை அலமாரி மேல் வைத்தேன், நாற்காலி மேல் வைத்தேன், கம்பி எட்டும் இடமெல்லாம் வைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று பின்னால் வெள்ளித்தாளைக் கட்டினேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நாடகத்துக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை, மோடம் மறுபடியும் சாமி மேடைக்கே போனது. என்னை அரித்துக்கொண்டிருந்தது இன்னொன்று. பாடத்தில் அவர் ஒரு சொல்லுக்குத் தவித்து நிற்கும்போது, தாமதம் லைனிலா, அவர் தலைக்குள்ளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. சார் பதில் சொல்ல லேட்டாகுதா, இல்ல எனக்கு லேட்டா கேட்குதா, மேம் என்று ஒரு நாள் கேட்டாள். லைன்தான் என்றேன், சட்டென்று. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி, இதுவரை சொல்லாமல் விட்ட ஒரு மந்திரப் பெட்டிக்கு வருகிறேன்.

என் கணவருக்கு ஒரே அக்கா, கிள்ளானில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். சனிக்கிழமைதோறும் கமியூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு வந்துவிடுவார். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே, எங்கள் ரோட்டுப் பூசைச் சாமான் கடையில் ஒரு மந்திரப் பெட்டி வாங்கி வந்தார். நாள் முழுக்க 'ஓம் சரவணபவ' சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டிகள் எல்லோர் வீட்டிலும் உண்டு. இது கொஞ்சம் உசத்தி. தாய்ப் பெட்டி சாமி மேடையில் உட்கார்ந்திருக்கும், குட்டிப் பெட்டி படுக்கையறையில் பாடும். இரண்டுக்கும் நடுவில் கம்பி கிடையாது.

"தம்பி பேசற வரைக்கும் இத நிறுத்தக்கூடாது. முருகன்கிட்ட சொல்லிட்டேன். அவன் பேசற அன்னைக்குத்தான் இது ஓயணும்" என்றார் அண்ணி.

நிறுத்தவில்லை. பாட நேரத்தில் மட்டும் அவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று குட்டிப் பெட்டியின் திருகைத் திருப்பிச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவேன். தாய்ப் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். வேண்டுதலும் கெடாது, பாடமும் கெடாது என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கம்பி இல்லாமல் பேசுகிற சாமான் வேறு இருக்கிறதா என்று டெக்னீஷியன் கேட்டபோது அந்தப் பெட்டி என் நினைப்புக்கு வரவேயில்லை. மைக்ரோவேவ் சாமான். கேமரா சாமான். மந்திரப் பெட்டி எப்படிச் சாமானாகும்? அது சாமி மேடையில் அல்லவா இருக்கிறது.

ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் பிளாக் முழுக்கக் கரண்ட் போனது. இன்றைக்குப் பாடம் ஒழிந்தது என்று நான் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்துவிட்டது. மோடம் தானாகக் கண் விழித்தது. அந்தப் பெண் திரையில் வந்தாள். கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் உதட்டுக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருக்கிறது, எனக்கு அதுவரை தெரியாது. அவள் 'த' என்றாள், 'த' என்று கேட்டது, வாயும் குரலும் ஒன்றாக வந்தன. லைன் சூப்பரா இருக்கு சார், இன்னைக்கு ஒரு கை பாத்துடலாம் என்றாள்.

அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உதட்டைக்கூடக் குவிக்கவில்லை. வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி உட்கார்ந்திருந்தார். களைப்பு, கரண்ட் இல்லாமல் வேர்த்துவிட்டது, வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாடத்துக்குப் பிறகு குட்டிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்ட மறந்திருந்தேன். விளக்கேற்றும் நேரத்தில்தான் பார்த்தேன், மந்திரப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. மோடம் மாதிரி அது தானாக விழித்துக்கொள்ளாது, பொத்தானை அழுத்த வேண்டும். வேண்டுதல் அறுந்துபோயிற்றே, அண்ணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அவசரமாக அழுத்தினேன். வெள்ளிக்கிழமைப் பாடத்தில் அந்தப் பெண்ணின் வாய் மறுபடியும் திறந்தபடி நின்றது.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பாடம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, டேப்லெட்டில் யாரோ சமைக்கிற படம் ஒன்றைப் போட்டேன். பெட்டியில் விளக்கு எரிந்தால் சமையல்காரியின் கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. பெட்டியை அணைத்தால் குழம்பு கொதிக்கிறது. சத்தம்தான் குறைந்திருந்ததே தவிர, தாய்ப் பெட்டி குட்டிப் பெட்டியைப் பார்த்து விடாமல் கூவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மோடத்துக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அவர் பேச வேண்டும் என்று வாங்கின பெட்டி, அவர் பேசுவதற்கு இருந்த ஒரே வழியில் குறுக்கே படுத்திருந்தது. முருகா, உனக்கே இது நல்லா இருக்கா என்று மேடை முன்னால் உட்கார்ந்து கேட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது.

மறுநாள் அண்ணி வந்தார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"சத்தத்தக் குறைச்சிட்டதானே? அப்பறம் எப்படி அது கெடுக்கும்?"

சமையல்காரியைப் போட்டு, பெட்டியை அணைத்துக் காட்டினேன், எரியவிட்டுக் காட்டினேன். என் கணவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. என்னை நம்பாமல் இல்லை. நம்பினதுதான் அவருக்குக் கஷ்டம். தம்பிக்காக வைத்த வேண்டுதல் தம்பியையே கெடுத்தது என்று எந்த அக்காவிடம் சொல்ல முடியும்? சொல்லிவிட்டேனே என்று எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெகுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தார். மந்திரம் நிற்கத்தான் கூடாது, பெட்டிதான் சொல்ல வேண்டும் என்று இல்லையே என்றார்.

"கிளாஸ் நேரத்துல நீ நிறுத்திக்க. அந்த நேரம் பூரா நான் கிள்ளான்ல உக்காந்து வாயால சொல்லிக்கிட்டிருப்பேன். முடிஞ்சோன எனக்கு ஒரு மிஸ்ட் கால் குடு, பெட்டியப் போட்டுடு. நடுவுல அறுபடாது லா."

அப்படியே நடந்தது. பாடம் தொடங்கும்போது நான் பெட்டியை அணைப்பேன், அங்கே கிள்ளானில் எழுபது வயதுக் கிழவி சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்குவார். ஒரு மந்திரத்தை இரண்டு ஊராகக் கைமாற்றி ஓட்டினோம். லைன் பளிங்கு மாதிரி ஆனது. சீன ஆன்ட்டியிடம் போய் இனிமேல் சூடாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சரியாகிவிட்டதா, பேசுகிறாரா என்று ஆசையோடு கேட்டார். லைன் சரியாகிவிட்டது என்றேன்.

லைன் மட்டும்தான் சரியானது. அந்தப் பெண் 'த' என்பாள். அது சுத்தமாகக் கேட்கும். அவள் காத்திருப்பாள், அவள் இமைப்பதுகூடத் தெரியும். அவர் வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. அவர் தவிக்கிற ஒவ்வொரு நொடியும் இப்போது அவருடைய நொடிதான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அந்தப் பெண் நல்லவள், பரவாயில்ல சார், மெதுவா வரும் என்பாள். முன்பெல்லாம் அவர் மேசையை அடிப்பார், மோடத்தைக் காட்டுவார், நான் அதைத் திட்டுவேன். இப்போது திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் நல்ல கை மடியிலேயே கிடந்தது. ஒரு பாடத்தில் பழக்கதோஷத்தில், லைன்தாங்க, என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

பாட நாளென்றால் சட்டை போட்டுக்கொள்ள மறுக்க ஆரம்பித்தார். தலை சீவ வந்தால் சீப்பைத் தட்டிவிட்டார். டாக்டர் சொன்ன வருடம் தேய்ந்துகொண்டிருந்தது. நான் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவள். மோடம், சேனல், மைக்ரோவேவ், பெட்டி எல்லாவற்றையும் ஒன்றொன்றாகக் கழித்து, கடைசியில் அவரைத் தனியாக நிற்க வைத்துவிட்டேன். இதற்கு மேல் கழற்றிப் போட என்னிடம் என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் வழக்கம்போலப் பெட்டியை அணைத்துவிட்டு, அண்ணிக்குச் சொல்லிவிட்டு, அவருக்குக் காப்பி கலக்க அடுப்படிக்குப் போனேன். ஹாலில் கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். காப்பியோடு வந்தபோது அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமலே சட்டை போட்டிருந்தார், பொத்தான்கள் தாறுமாறாக. சாமி மேடையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் விளக்கைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் டேப்லெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. போய் அணைக்க இரண்டு எட்டு வைத்தால் போதும், நான் வைக்கவில்லை. காப்பியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் வந்தாள். வணக்கம் சொன்னாள், பாதி வணக்கம் வந்தது. வீட்டுப் படத்தைத் தூக்கிக் காட்டி, 'வீ' என்று உதட்டைக் கடித்தாள். கடித்த உதடு அப்படியே நின்றது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் என் கணவரின் நல்ல கை மடியிலிருந்து எழுந்தது. சாமி மேடையைக் காட்டியது.

"லைன்" என்றார்.

தெளிவாகச் சொன்னார். வேனுக்குப் பக்கத்தில் நின்று பேசுவாரே, அதே குரல், கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். திரையில் அந்தப் பெண் உதட்டைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. ஆமாங்க, லைன் சரியில்ல என்றேன். அழுதுகொண்டே சொன்னேன்.

அண்ணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பாட நேரம் முடிகிற வரைக்கும் அவர் எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். இங்கே பெட்டியும் சொல்லிக்கொண்டிருந்தது, அங்கே அண்ணியும் சொல்லிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும் அவரே கூப்பிட்டார்.

"அண்ணி, அவரு பேசிட்டாரு."

"என்ன சொன்னான்?" என்றார்.

"லைன்னு சொன்னாரு."

"லைனா?"

"லைன் சரியில்லன்னு சொல்ல வந்தாரு அண்ணி."

முருகா என்றோ அக்கா என்றோ வரும் என்று அந்த மனுஷி எதிர்பார்த்திருப்பார். அழுதார். அதுவும் பேச்சுதானே, அதுவும் அவன் வாயில வந்ததுதானே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டியை யார் போட்டது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சரி, வேண்டுதல் முடிஞ்சிருச்சு. சாமிக்கு ஒரு கற்பூரம் காட்டிட்டு அந்தப் பெட்டிய நிறுத்திடு. இனிமே வேணாம்" என்றார்.

கற்பூரம் காட்டினேன். என் கணவர் எழுந்து வந்து, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் நின்று கும்பிட்டார். கற்பூரம் அணைந்ததும் பெட்டியின் பொத்தானுக்குக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாகத்தான் பிடித்திருந்தார். தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. எத்தனையோ வருடம் வகுப்பில் நின்றவள் நான். பாடம் படிக்காமல் வந்த பிள்ளை, இன்றைக்கு மட்டும் என்னைக் கேட்காதீர்கள் டீச்சர் என்று நிற்குமே, அந்த முகம் எனக்குத் தெரியும்.

"சரிங்க. புதன்கிழமையும் லைன் சரியில்லாமலே இருக்கட்டும்" என்றேன்.

அவர் கையை விட்டார்.